மீத்திறன் திட்டத்துக்குப் போகிற பிள்ளை: ஆக்கத்திறன் வற்றாமல் பார்த்துக்கொள்ளும் வழி

மீத்திறன் மாணவர் திட்டத்துக்குப் பிள்ளை தேர்வாகிவிட்டதாகச் செய்தி வந்ததும் வீட்டில் முதலில் பேசப்படுவது செலவு. அடுத்தது விடுதிச் சாப்பாடு. முப்பது வயதில் இந்தப் பிள்ளை தானாக ஒன்றை யோசித்து உருவாக்கும் ஆளாக இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதே அதுதான். திட்டத்தில் சேர்ந்ததால் மட்டும் ஆக்கத்திறன் வளர்ந்துவிடாது; கெட்டும் போய்விடாது. அங்கே எந்த மாதிரி வேலையில் நேரம் கழிகிறது, வீடு திரும்பிய பிறகு என்ன நடக்கிறது, இந்த இரண்டையும் பொறுத்துத்தான் எல்லாம். மலேசியாவின் சுங்கை சிப்புட், பாகான் செராய், கோல கெட்டில் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் பெற்றோரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் கைக்காசு அதிகம் போடாமல் செய்யக்கூடியவை கீழே இருக்கின்றன.

முதலில், நீண்ட கால ஆய்வுகள் காட்டுவது

அமெரிக்காவில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-ல் அறிவுத்திறன் சோதனை வைத்து ஏறக்குறைய 1,500 பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார். அவர்கள் முதுமை அடையும் வரை அந்த ஆய்வு தொடர்ந்தது. பலர் நல்ல படிப்பு, நல்ல வேலை என்று வாழ்ந்தார்கள். நோபல் பரிசு மட்டும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அதே சோதனையில் மதிப்பெண் போதாமல் விடுபட்ட இரண்டு பையன்கள், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெசும், பிற்காலத்தில் இயற்பியலுக்கு நோபல் வாங்கினார்கள். ஒருவர் 1956-ல், மற்றவர் 1968-ல்.

பால் டாரன்ஸ் 1958-ல் மினசோட்டாவில் வேறு வழியில் தொடங்கினார். ஒரு பொருளுக்கு எத்தனை பயன் சொல்ல முடியும், அரைகுறைக் கோட்டை எப்படிப் படமாக முடிக்கலாம் என்ற மாதிரிச் சோதனைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வளர்ந்தபின் அவர்கள் என்ன படைத்தார்கள் என்பதோடு அறிவுத்திறன் எண்ணைவிட இந்தச் சோதனைதான் நெருங்கிப் போனது. ஒரு துறையின் மேல் உள்ள காதலும், கைதூக்கிவிட ஒரு பெரியவர் கிடைத்ததும் சேர்ந்தே கணக்கில் வந்தன.

மூன்றாவது, ஜூலியன் ஸ்டான்லி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1971-ல் தொடங்கிய கணித மாணவர் ஆய்வு. பதின்மூன்று வயதில் ஒரே அளவு கணிதத் திறன் காட்டிய பிள்ளைகளை வளர்ந்தபின் ஒப்பிட்டார்கள். பள்ளிக் காலத்தில் சோதனைச் சாலை வேலை, சொந்த ஆய்வு, போட்டி, மேல் வகுப்புப் பாடம் என்று கூடுதலாகக் கிடைத்தவர்கள், பின்னாளில் அறிவியலில் கட்டுரை வெளியிடுவதிலும் காப்புரிமை பெறுவதிலும் முந்தியிருந்தார்கள். இந்த முடிவு 2010-ல் வெளியானது. ஆக, பெயர்ப்பட்டியலில் இருப்பது ஒன்று, வயிற்றுக்குள் போன சாப்பாடு வேறு. பின்னதைத்தான் நாம் எடை போட வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

நம் நாட்டில் இந்தப் பேச்சு வந்தால் சிலாங்கூர் மாநிலத்துப் பாங்கியில், யூகேஎம் என்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மீத்திறன் மாணவர் மையத்தில்தான் போய் நிற்கும். 2009-ல் பெர்மாத்தா பிந்தார் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது ஜீனியஸ் பிந்தார் நெகாரா. இது தவிர மாநில அளவு முகாம்கள், டியூஷன் நிலையங்கள் தாங்களே பெயர் சூட்டிக்கொண்ட ‘மேதை வகுப்புகள்’ என்று பல உண்டு. எதுவானாலும் கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயம் கேளுங்கள்.

ஒன்று, ஐந்து மணி நேர வகுப்பில் விடை முன்கூட்டியே தெரியாத வேலைக்கு எவ்வளவு நேரம்? இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். ‘உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் நிறைய கொடுக்கிறோம்’ என்பது பதில் அல்ல. அந்தக் கேள்விகளுக்கும் இப்போது மாதிரி விடை அச்சாகிவிட்டது. இரண்டு, கடைசி நாளில் பிள்ளை கையில் என்ன இருக்கும்? சான்றிதழும் பதக்கமும் மட்டும் என்றால் யோசியுங்கள். கருவி, கதை, அளவெடுத்த அட்டவணை, நிரல், எதுவாவது ஒன்று பிள்ளை செய்ததாக இருக்க வேண்டும். மூன்று, தவறாகப் போன வேலைக்கு அங்கே என்ன நடக்கிறது? திருத்தி மறுபடி செய்ய நேரம் தருகிறார்களா, அல்லது மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறார்களா? முகாமின் தரத்தை இந்த மூன்றாவது கேள்வி சட்டென்று காட்டிவிடும்.

நுழைவுச் சோதனைக்கு மாதக்கணக்கில் டியூஷன் வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பத்து நாள் போதும்: கணினித் திரையில் வடிவக் கேள்வி பார்ப்பது, நேரம் ஓடும்போது பதறாமல் அடுத்ததற்குப் போவது, சோதனை மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் அந்த மொழியில் கேள்வியைப் புரிந்துகொள்வது. அதற்கு மேல் ஓட்டினால் வடிவம் மனப்பாடமாகும். உள்ளே போன பிறகு பிள்ளை மூச்சு முட்டும்.

வீட்டில் வாரம் இரண்டு மணி நேரம்

திட்டத்தைவிடப் பெரிய வேலை இங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை காலையோ ஞாயிறு மாலையோ, மாறாத ஒரு நேரம். இரண்டு மணி நேரம் போதும். கைத்தொலைபேசி வேறு அறையில். டியூஷன் இந்த நேரத்தில் மோதினால் டியூஷனை நகர்த்துங்கள், இதை அல்ல.

ஒரு பெட்டி தயார் செய்யுங்கள். மளிகைக் கடையில் வாங்கிய அட்டைப் பெட்டி, தென்னை ஈர்க்கு ஒரு கட்டு, காய்ந்த செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டையின் நார், பழைய சைக்கிள் டியூப், மெல்லிய கம்பி, ரப்பர் விதை (இப்போது பால்மரமே அருகிவிட்டது, கிடைத்தால்), நூல், கத்தரிக்கோல், பசை, அளவு நாடா, சமையலறைத் தராசு. இதோடு ஒரு தடித்த நோட்டு. அந்த நோட்டில் எழுத்துப் பிழை திருத்தக் கூடாது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கலந்து எழுதினாலும் விடுங்கள். பள்ளி நோட்டில் சிவப்புப் பேனா போதிய அளவு ஓடுகிறது.

பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு வேலை. முதல் இரண்டு வாரம் சுற்றிப் பார்ப்பது மட்டும்: லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்புற வடிகால், செம்பனைத் தோட்டம், பசார் மாலாம் (இரவுச் சந்தை), கோயில் மடைப்பள்ளி. மூன்றாவது வாரம் ஒரு கேள்வி. நான்கிலிருந்து ஒன்பது வரை அளப்பது, செய்வது, சரிபார்ப்பது. பத்து, பதினொன்றில் முடிந்த பொருளாக ஆக்குவது. பன்னிரண்டாவது வாரம் உண்மையிலேயே அது தேவைப்படுகிற ஒருவருக்குக் காட்டுவது. தாத்தா பாட்டிக்குக் காட்டுவது வேறு, அவர்கள் எதைக் காட்டினாலும் கை தட்டுவார்கள். அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி 1977-ல் முன்வைத்த மூன்று அடுக்கு முறையின் சாரமும் இதுதான்: பார், திறனைக் கற்றுக்கொள், பிறகு உன் கேள்வியை நீயே தீர்.

ஒரு மாதிரி வேலை. செம்பனைத் தோட்டங்களில் எலித் தொல்லைக்காகக் கூகை என்ற ஆந்தை தங்கும் பெட்டிகளைக் கம்பத்தில் நட்டு வைத்திருப்பார்கள். கூகை எலியை விழுங்கிவிட்டு எலும்பையும் மயிரையும் கட்டைவிரல் பருமன் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகள் பெட்டிக்குக் கீழே கிடக்கும். தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டு, எந்தப் பெட்டியில் இப்போது கூகை இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள், பெரியவர் ஒருவரோடு, பூட்ஸ் போட்டு, நீளக் கம்பு ஒன்றோடு போக வேண்டும். மட்டைக் குவியலில் பாம்பு இருக்கும். பெட்டியைத் திறக்கவோ கம்பத்தில் ஏறவோ கூடாது. கீழே விழுந்ததை மட்டும் கையுறை போட்டு எடுத்து, தேதியும் பெட்டி எண்ணும் எழுதிய தனித்தனிப் பையில் போடுங்கள்.

வீட்டு வாசலில், சமையலறையில் அல்ல, ஒரு பழைய தட்டில் வெதுவெதுப்பான நீரும் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பும் விட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். பல்குச்சியால் மயிரைப் பிரித்தால் மண்டை ஓடும் தாடையும் தனியாக வரும். மண்டை ஓட்டை எண்ணினால் எத்தனை எலி என்பது தெரிந்துவிடும். கையுறையோடு முகக்கவசமும் வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. காலில் வெட்டுக் காயம் இருந்தால் வடிகால் பக்கம் அன்று போக வேண்டாம்.

கேள்வி பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். ‘சுற்றுச்சூழல் மாசுபாடு’ என்று தொடங்கினால் ஆறாவது வாரத்தில் இணையத்தில் நகலெடுத்த பக்கங்கள்தான் மிஞ்சும். ‘ஆற்றோரப் பெட்டிக்குக் கீழே மண்டை ஓடு அதிகமா, ரோட்டோரப் பெட்டிக்குக் கீழேயா?’ என்பது எண்ணிச் சொல்லக்கூடிய கேள்வி. எலிமருந்து வைத்த பகுதியில் கூகை குறைகிறதா என்று பிள்ளை கேட்டால் சந்தோஷப்படுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்று கூகை சாவது ஆய்வாளர்களுக்கும் உள்ள கவலைதான். பன்னிரண்டாவது வாரத்தில் அட்டவணையைத் தோட்டக் கிராணியிடம் (அலுவலக எழுத்தர்) காட்டச் சொல்லுங்கள். அவர் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டால், ஐம்பது மதிப்பெண்ணைவிட அது பெரிது.

எங்கே கெட்டுப்போகும்? பெரும்பாலும் ஆறாவது வாரத்தில். ஆர்வம் வடிந்துவிடும். உடனே புது வேலைக்குத் தாவ விடாதீர்கள். ஒரு வாரம் ஓய்வு விட்டுப் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால், ஏன் கைவிடுகிறேன் என்று நோட்டில் அரைப் பக்கம் எழுதிவிட்டுக் கைவிடட்டும். வருஷத்துக்கு ஒரு முறை இது அனுமதி. இன்னொரு ஆபத்து, உதவிக்கு வருகிற உறவினர். அறிவியல் விழா நெருங்கினால் வெல்டிங் தெரிந்த சித்தப்பா வந்து எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுவார். கருவி பளபளக்கும், பரிசும் கிடைக்கும், ‘இந்த ஸ்க்ரூ எதற்கு?’ என்று நடுவர் கேட்டால் பிள்ளை விழிக்கும். சித்தப்பா பாதுகாப்புக்குப் பக்கத்தில் நிற்கலாம்; கருவியைத் தொடக் கூடாது.

பாராட்டும் பரிசும்

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்தபோது, அந்தக் குழந்தைகள் அவற்றோடு செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் பன்னிரண்டு வார வேலைக்கு ‘முடித்தால் டேப்லெட் வாங்கித் தருகிறேன்’ என்ற பேச்சே வேண்டாம். முடிந்த பிறகு சொல்லாமல் ரொட்டி சானாய்க் கடைக்குக் கூட்டிப் போவதில் தவறில்லை.

புகழ்வதிலும் கவனம் வேண்டும். உளவியலாளர்கள் முல்லரும் டுவெக்கும் 1998-ல் காட்டியபடி, ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து எளிதான வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தோல்வி வந்ததும் துவண்டார்கள். முயற்சியைப் பாராட்டினால் கடினமானதை எடுத்தார்கள். இங்கே சிக்கல், வீட்டை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது. கோயில் திருவிழாவில் அத்தையிலிருந்து அர்ச்சகர் வரை ‘நம்ம ஊரு மேதாவி’ என்று தலையைத் தடவுவார்கள். புதியதை முயற்சி செய்து அசடு வழிய அந்தப் பட்டத்தோடு யார் துணிவார்? அத்தையை நிறுத்த முடியாது. வீடு திரும்பும் வழியில் பேச்சை மாற்றலாம்: ‘அந்த மூடி ரெண்டு தடவை கழண்டுச்சே, மூணாவது தடவை என்னடா பண்ணுன?’ ‘இது ஏம்மா இப்படி வருதுன்னு நீ நினைக்கிற?’ செய்த வேலையைப் பற்றிக் கேட்கிற கேள்வி எந்தப் பட்டத்தையும் கொஞ்சம் தளர்த்தும்.

ஒன்பது, பத்து வயதில்

டாரன்ஸ் கவனித்த ஒன்று, அமெரிக்கப் பள்ளியின் நாலாம் வகுப்பை ஒட்டிப் பல பிள்ளைகளின் ஆக்கச் சிந்தனை மதிப்பெண் சரிவது. நம் பள்ளிகளில் அதே வயதில்தான் நான்காம் ஆண்டு வருகிறது. ஆண்டிறுதித் தேர்வுகளும் அங்கேயிருந்து தொடங்குகின்றன. ஓவியம் ‘அசல் மாதிரி இல்லை’ என்று அழித்து அழித்துத் தாள் கிழிவது, ‘இது தேர்வுல வருமா?’ என்று கேட்பது, கட்டுரைக்கு மனப்பாட முன்னுரை ஒட்டுவது: இவை அறிகுறிகள். இந்த இரண்டு வருஷம் மட்டும் வீட்டு வேலையில் அழிப்பானைத் தடை செய்து பேனாவால் வரையச் சொல்லிப் பாருங்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் பிழையோடு வாழக் கை பழகும்.

விடுதியிலிருந்து திரும்பும் பிள்ளை

இங்கே வகுப்பில் முதல், அங்கே நடுவில். உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களில் இருந்து விளக்கி வருவது இதைத்தான்: சமமான திறன் உள்ள இருவரில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் இருப்பவர் தன்னைக் குறைவாக மதிப்பிடுகிறார். சுங்கை சிப்புட்டிலிருந்து பாங்கிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வாரா வாரம் போய்ப் பார்க்க முடியாது. தொலைபேசியில் முதல் கேள்வி ‘எத்தனையாவது வந்த?’ என்று இருந்தால் இரண்டு மாதத்தில் பேச்சே குறைந்துவிடும். ‘இந்த வாரம் எது ஒத்து வரல?’ என்று கேளுங்கள், பதிலுக்கு அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். விடுமுறைக்கு வந்தால் முதல் நான்கு நாள் எந்த வகுப்பும் வேண்டாம். ஐந்தாம் நாள் பெட்டி தானாகத் திறக்கும். திறக்காமல் முழு விடுமுறையும் தூக்கமும் எரிச்சலுமாகப் போனால், விடுதி ஆசிரியரிடம் பேச வேண்டிய நேரம் அது.

ஆசிரியருக்கு

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவருக்குக் குறைந்தவை. இதைக் குறை என்று மட்டும் பார்க்க வேண்டாம்; பன்னிரண்டு பேர் வகுப்பில் பாடத்தைச் சுருக்கிக் கொடுப்பது நாற்பது பேர் வகுப்பைவிட எளிது. செய்முறை இப்படி: கணிதத்தில் ஒரு தலைப்பு தொடங்குமுன் பத்துக் கேள்வி கொண்ட முன்சோதனை கொடுங்கள். ஒன்பதோ பத்தோ சரியாக எடுத்தவருக்கு அந்தத் தலைப்பின் பயிற்சிகள் தேவையில்லை. தவறிய இடத்தை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும். கல்வி ஆய்வாளர் சாலி ரெய்ஸ் குழுவினர் 1993-ல் பார்த்ததில், திறன்மிக்க மாணவருக்கு வழக்கமான பாடத்தில் 40 முதல் 50 விழுக்காடு வரை நீக்கினாலும் அடைவு குறையவில்லை. மிச்சமான நேரத்தைக் கூடுதல் பயிற்சி நூலால் நிரப்பினால் செய்ததெல்லாம் வீண். ‘சீக்கிரம் முடித்தால் தண்டனை’ என்று பிள்ளை புரிந்துகொள்ளும், அடுத்த முறை மெதுவாகச் செய்யும். அந்த நேரம் சொந்த வேலைக்கு என்று தனி மேசையில் பெயரோடு எழுதி வையுங்கள்.

நம் நாட்டில் முன்பு மூன்றாம் ஆண்டில் ஒரு சோதனை வைத்து, தேறியவரை நேராக ஐந்தாம் ஆண்டுக்கு ஏற்றினார்கள். 1996-ல் வந்து 2001-ல் நின்றுபோனது. வகுப்பு தாண்டுவதே ஆக்கத்திறனைக் கெடுக்கும் என்று ஸ்டான்லியின் ஆய்வு சொல்லவில்லை. மிச்சமான ஒரு வருஷத்தில் என்ன செய்வது என்று யாரும் திட்டமிடாததுதான் குறை. சோதனைக்குத் தயார்ப்படுத்தும் டியூஷன் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

யாரைச் சேர்ப்பது என்பதில் தாராளமாக இருங்கள். ரென்சுல்லி பரிந்துரைப்பது பள்ளியின் 15 முதல் 20 விழுக்காட்டினரை ஒரு குழுவாக வைப்பது. மதிப்பெண் மட்டுமின்றி ஆசிரியரின் கவனிப்பும் சேர வேண்டும். நூறு பேர் பள்ளியில் பதினைந்து பேர். அதில் வாத்தியாரையே மடக்குகிற, நோட்டு முழுக்கக் கிறுக்குகிற, மனப்பாடம் வராத இருவருக்காவது இடம் விடுங்கள்.

முன்னேற்றத்தைப் பார்ப்பது

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மூன்று நிமிடம்: ‘பழைய மோட்டார் சைக்கிள் டயரை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?’ எண்ணிக்கையைக் குறியுங்கள், பிறகு வகையை. ஊஞ்சல், கட்டில், நாற்காலி என்றால் மூன்று விடை, ஒரு வகைதான். வகை கூடுகிறதா என்று பாருங்கள். பிள்ளையிடம் மதிப்பெண் சொல்லாதீர்கள்; அடுத்த முறை வேறு பொருள் கொடுங்கள், இல்லாவிட்டால் பழகிப் போய்விடும். இது ஒரு அறிகுறி, அவ்வளவே. நம்பகமானது கோப்பு: வருஷத்துக்கு மூன்று வேலை, தேதி போட்டு, தோற்றதும் உட்பட. நான்கு வருஷக் கோப்பைப் புரட்டினால் கேள்வி ஆழமாகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

தேர்வாகாத பிள்ளைக்கு

அமெரிக்காவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில், நூலிழையில் தேர்வானவர்களையும் நூலிழையில் விடுபட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2014-ல் வந்தது. பாட மதிப்பெண்ணில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முடிவு வந்த அன்று மாலை இதையெல்லாம் பிள்ளையிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அழுதால் அழட்டும். ‘அடுத்த வருஷம் எழுதலாம்’ என்பதையும் அன்றே சொல்லாதீர்கள். அந்த வாரச் சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் பெட்டியை எடுத்து வெளியே வையுங்கள். கூகைப் பெட்டி நாலாம் எண்ணின் கீழே மழைக்குப் பிறகு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்க பூட்ஸ் தயாராக இருக்கட்டும்.